புதினம்

ஓன்சிங்கனுக்கும் நீடர்பிப்புக்கும் நடுவில்
பதினேழாம் கம்பத்தில்
இரண்டு கண்கள் இருக்கின்றன.
ஒன்று ஒளியை எறியும்.
மற்றது அந்த ஒளியின் பாதையில் நிற்காது;
சற்றுத் தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும்.
காற்றில் துளிகள் இருந்தால்
பட்டுச் சிதறி, வழி தவறிய வெளிச்சம் கொஞ்சம்
அதற்குள் விழும்.
அதைத்தான் மூடுபனி என்று அது எழுதிக்கொள்ளும்.
அது எதையுமே காணாத இரவில்
சாலை நமக்கு நன்றாகத் தெரியும்.

அதைத் துடைக்கிற வேலை எனக்கு.
ஆறு கிழமைக்கு ஒருமுறை
மஞ்சள் அங்கி, ஏணி, பஞ்சு உதிராத துணி.
பாரவண்டி கடக்கும்போதெல்லாம்
கம்பத்தோடு நானும் ஆடி நிற்பேன்.

செப்டெம்பரில் ஒரு முழுநிலவு.
ஊசி விழுந்தாலும் பொறுக்கலாம்.
பலகையில் மட்டும், சிவப்பு வட்டத்துக்குள்,
பிடிவாதமாய் அறுபது.
சோலோத்தூர்ன் பல்வைத்தியர் ஒருவர்
இரண்டு பக்கம் கடிதம் எழுதினார்:
‘நிலவைப் பனி என்று சொல்வதற்கா
நான் வரி கட்டுகிறேன்?’
ஏறிப் பார்த்தேன்.
இரு கண்களுக்கும் இடையில்
ஒரு சிலந்தி குடியேறியிருந்தது.
கண்ணாடி பூத்துப்போகாமலிருக்க உள்ளே சூடு உண்டு;
அந்தக் கதகதப்பு அதற்குப் பிடித்துப்போயிற்று.
ஒவ்வோர் இழையும் ஒளியைச் சிதறடிக்க
கணினி நம்பிவிட்டது: பார்வைத் தூரம் எண்பது மீட்டர்.
மிளகளவு உடம்பு.
ஆயிரக்கணக்கான வண்டிகளை
ஓர் இரவு முழுக்க மெல்ல நடத்தியிருக்கிறது.

சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.
புலி வருது புலி வருது என்று
பலகை பொய் சொன்ன இரவுகள் இன்னும் எத்தனையோ.
நவம்பரில் ஆரே ஆற்றிலிருந்து
நிசமான புலி எழுந்து வரும்போது
யார் கால் பிரேக்குக்குப் போகும்?

கணக்கெல்லாம் பெயாட்டிடம்.
பலகை வருமுன் மூன்று ஆண்டில்
ஆள் காயப்பட்ட விபத்துகள் பத்தொன்பது.
வந்தபின் மூன்று ஆண்டில் பதினொன்று.
‘எட்டு’ என்றான், கோப்பிக் கோப்பையை வைத்து.
அடிக்குறிப்பையும் அவனே எழுதியிருந்தான், சின்ன எழுத்தில்:
அதில் இரண்டு குளிர்காலம் பனி குறைவு.
ஆகவே எட்டு, ஐந்தாகவும் இருக்கலாம்.
மூன்றாகவும்.
ஐந்தோ மூன்றோ, அந்த ஆட்கள் யார் என்று கேட்டேன்.
என்னை ஒருமாதிரிப் பார்த்தான்.
‘அவர்களுக்கே தெரியாதே.’

செத்தவருக்குக் கோப்பு எண் உண்டு,
சாலையோரம் மெழுகுதிரி உண்டு.
சாகாதவர்
ஓல்ட்டனில் ஏதோ கடையில்
தக்காளி அழுகல் என்று சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்.
பல்வைத்தியராகவும் இருக்கலாம்.

சிலந்தியைப் பழைய ரயில் டிக்கெட்டில் ஏந்தி
வேலியில் விட்டேன்.
மூன்றே நாளில் திரும்பிவிட்டது.
அதுவோ, அதன் சொந்தமோ.

நேற்று வேலை முடிந்து வருகிறேன்.
வாங்கனைத் தாண்டியதும் பலகையில் நூறு.
அடுத்ததில் எண்பது.
அதற்கடுத்ததில் அறுபது.
சாலையோ துடைத்துவிட்டதுபோல் இருந்தது.
சிலந்தி, என்று நானே நினைத்தேன்.
வலது கால் ஆக்சிலரேட்டரில் ஒரு கணம்
தன்பாட்டில் வாதாடியது.
எடுத்தேன்.
பின்னால் வந்தவன் விளக்கை அடித்தான். அடித்துக்கொண்டே வந்தான்.
பாலத்தைக் கடந்த இடத்தில் வெள்ளைச் சுவர்.
அதற்குள் ஐம்பது, அறுபது மீட்டரில்
குதிரை ஏற்றிய இழுவை ஒன்று, ஓட்டமில்லாமல்,
மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டு.

நான் நின்றேன். அவனும் நின்றான்.
இழுவைக்குள் குதிரை
பலகையை ஒருமுறை உதைத்தது.

வீட்டில் தர்மினி கதவைத் திறந்தபடி கேட்டாள்:
‘என்ன புதினம்?’
சப்பாத்தின் முடிச்சு அவிழ மறுத்தது.
‘ஒண்டும் நடக்கேல்லை’ என்றேன்.